முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மா

(தில்லியில் தமிழாசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், இல்லையென்றால் பாரதி என்பது நம் வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்னப் பொருள். கதையில் வரும் ஒருவருடைய உணர்ச்சியை வருணனையின் வழியாக எழுதப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதுதான் அது. சங்க இலக்கியம் கேட்க வந்தவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். சுற்றிவளைத்து அங்கேயும் போவேன்.

எட்டாம் வகுப்பில் ‘அம்மா கோபமாக இருந்த ஒரு நாள்’ என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். ஒரு கட்டுத் தாள் வரும். பெரும்பாலான தாள்களில் இதுதான் இருக்கும்: அம்மா மிகுந்த கோபம் கொண்டார். அவருடைய முகம் சிவந்தது. கண்களில் தீப்பொறி பறந்தது. நான் அச்சத்தால் நடுங்கினேன். பிழை ஒன்றும் கிடையாது. பத்துக்கு எட்டு போடலாம். ஆனால் இந்த அம்மா யார்? கரோல் பாகிலும் இருக்கலாம், காரைக்குடியிலும் இருக்கலாம், வில்லுப்பாட்டில்கூட வரலாம். அந்தப் பிள்ளையைப் பெற்ற அம்மா மட்டும் இல்லை.

இப்போது நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு வாயால் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் சில: “சப்பாத்தியைத் தட்டுல வைக்க மாட்டாங்க, போடுவாங்க.” “என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.” “அப்பாகிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லுவா. அப்பா பக்கத்துலதான் உக்காந்துண்டு இருப்பார்.” “ஹிந்திக்கு மாறிடுவாங்க.” “ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மிஸ், அலமாரியை அடுக்க ஆரம்பிச்சுடுவாங்க.”

ஒவ்வொரு பதிலிலும் ஓர் அம்மா இருக்கிறார், ஒரு வீடு இருக்கிறது. மூன்றாவது பதிலைச் சொன்ன பெண் ஒரு குடும்பச் சண்டையின் நாடகம் முழுவதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். இவளுக்கு நாம் கவனிக்கக் கற்றுத்தர வேண்டியது ஒன்றும் இல்லை. கவனிப்பு அவளிடம் ஏராளமாக இருக்கிறது. அது தாளுக்கு வராமல் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்.

நிற்பதற்குக் காரணம் நாம். மாதிரிக் கட்டுரை என்று ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். அதில் ஒன்றும் போய்விடக் கூடாது என்று வீட்டிலும் பயம், பள்ளியிலும் பயம். தீப்பொறி பறந்த கண்ணுக்கு எந்தத் திருத்துநரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். சப்பாத்தியைத் தட்டில் போட்ட அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தெரிந்த பாதையில் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தமிழ் முதுகலை படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். எட்டின் பெயரோடு நாம் நின்றுவிடுகிறோம். அடுத்து வருவதுதான் எழுதுகிறவனுக்கு வேண்டியது. ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களை அந்த நூல் சொல்கிறது. அழுகை எதனால் வரும்? இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால், இழப்பதால், முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வதால், இல்லாமையால். அச்சம் எதனால் வரும்? அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்தக் கடைசியில் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பின்வரிசைப் பிள்ளைகள் சொல்வார்கள். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை.

இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் காரியம் கெட்டது. ‘அவன் அழுதான்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், நான்கில் எதற்காக அழுதான் என்று கேளுங்கள். இகழ்ந்ததற்கு அழுதவன் ஓரிடத்தில் போய் ஒளிந்துகொள்வான். பொருளை இழந்ததற்கு அழுபவன் அதைத் தேடிக்கொண்டே அழுவான். இல்லாமைக்கு அழுபவன் பெரும்பாலும் யார் முன்னாலும் அழுவதில்லை. காரணம் தெளிவானால் உடம்பு என்ன செய்யும் என்பது தானாக வந்து நிற்கும். முகத்திலிருந்து தொடங்குவதால்தான் சிவந்த முகமும் பறந்த பொறியும் வருகின்றன. காரணத்திலிருந்து தொடங்கினால் கை, கால், பக்கத்தில் இருக்கும் பாத்திரம் எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும்.

தில்லிப் பிள்ளைகளுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஹிந்தி வகுப்பில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’வைப் படிக்கவோ கேட்கவோ வாய்ப்பு கிடைத்தவர்கள் இவர்கள். 1933இல் வெளிவந்த கதை. தாய் தகப்பன் இல்லாத ஹமீத், மூன்று பைசாவோடு பெருநாள் சந்தைக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகள் பொம்மையும் மிட்டாயும் வாங்க, இவன் பாட்டிக்கு ஓர் இடுக்கி வாங்கி வருகிறான், ரொட்டி சுடும்போது அவள் விரல் சுடுகிறதே என்று. பாட்டி அமீனா முதலில் திட்டுகிறாள், பிறகு அழுகிறாள். பாட்டிமீது ஹமீதுக்கு இருக்கும் பாசத்தின் அளவு என்ன? அந்த இடுக்கிதான் அளவு.

அதே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையைச் சொல்லலாம். ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு வானொலியில் கல்வி ஒலிபரப்பில் சேர்ந்து இந்தத் தில்லியிலும் பணியாற்றியவர், ஆகவே நமக்கு இரண்டு வகையில் உறவு. ரயிலில் ஒரு சிறு பையன், உரிக்கவே விடாமல் கையில் பத்திரமாக வைத்திருக்கும் ஓர் ஆரஞ்சுப் பழத்தை, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகும் ஏழைச் சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். பையனுக்கு என்ன தோன்றியது என்று விளக்க அவசியமே இல்லை. அவன் அந்தப் பழத்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தான் என்பது நமக்குத் தெரியும், அது போதும்.

இடுக்கி, ஆரஞ்சு. இரண்டும் தொல்காப்பியர் கணக்கில் கொடையால் வரும் பெருமிதம் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். தொல்காப்பிய உரையாசிரியர் பேராசிரியரின் உரையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று புலவர்கள் சண்டை போடட்டும். எனக்கு அவன் சொன்னது சரியாகப் பட்டது. பிள்ளைகளிடம் நான் வைக்கும் விதி இவ்வளவுதான்: உன் கதையில் வருகிறவன் கையில் ஒரு பொருளைக் கொடு. விலை குறைந்த பொருளாக இருக்கட்டும். அதை அவன் என்ன செய்கிறான் என்று எழுது. எழுதி முடித்த பிறகு அவனுக்குச் சந்தோஷமா துக்கமா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேள். அவன் சரியாகச் சொல்லிவிட்டால் நீ எழுதிவிட்டாய் என்று பொருள்.

இதைவிடக் கொஞ்சம் கடினமான பயிற்சி ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 1982இல் இறந்த நாவலாசிரியர் ஜான் கார்ட்னர், எழுத்து கற்பிப்பதில் பெயர் பெற்றவர். அவர் தரும் பயிற்சி இது. போரில் மகனைப் பறிகொடுத்த ஒருவன் ஒரு தானியக் களஞ்சியத்தைப் பார்க்கிறான். அந்தக் களஞ்சியத்தை வருணிக்க வேண்டும். மகன், போர், சாவு எதையும் குறிப்பிடக் கூடாது. உலகமெங்கும் எழுத்துப் பட்டறைகளில் இதைக் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கே வியர்த்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சாவு வேண்டாம். அவர்களுடைய உலகத்தில் அதற்குச் சமமான பேரிடர்கள் போதுமான அளவு இருக்கின்றன. தில்லியில் அரசு ஊழியர் குடும்பத்துப் பிள்ளைக்கு டிரான்ஸ்பர் ஆர்டரைவிடப் பெரிய இடி எது? ஆகவே நான் மாற்றிக் கொடுப்பேன். ராமகிருஷ்ணபுரத்தில் நம் மலை மந்திர் படிக்கட்டு. ஒரு சிறுமி ஏறுகிறாள். அன்று காலை அப்பாவுக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கிறது. படிக்கட்டை எழுது. டிரான்ஸ்பர் என்ற சொல்லோ ஊர் மாறுவது பற்றிய பேச்சோ வரக் கூடாது. அடுத்த வாரம் அதே படிக்கட்டு, அதே சிறுமி, ஆனால் டிரான்ஸ்பர் ரத்தாகிவிட்டது. மறுபடியும் எழுது.

முதல் முறை பிள்ளைகள் படிகளை எண்ணுகிறார்கள். செருப்பை எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா இன்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தார் என்பதுகூட எழுத்தில் வருகிறது. இரண்டாம் முறை படிகளை யாரும் எண்ணுவதில்லை, தாவிவிடுகிறார்கள். விட்டுப்போகப் போகிற இடத்தைத்தான் ஒருவர் இவ்வளவு கூர்ந்து பார்ப்பார் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். நான் சொல்லியிருந்தால் நோட்டில் குறித்துக்கொண்டு மறந்திருப்பார்கள்.

கார்ட்னர் கொடுத்த பயிற்சியைச் செய்து காட்டிய தமிழ்ப் பாட்டு ஒன்று நம்மிடம் இருக்கிறது, அவர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே. சங்க இலக்கியம் வரும் என்று சொன்னேன் அல்லவா? நக்கீரரின் நெடுநல்வாடை, 188 அடி. பாசறைக்குப் போன அரசன் திரும்பவில்லை, அரசி தனித்திருக்கிறாள். இதுதான் விஷயம். நக்கீரர் அரசியிடம் நேராகப் போவதில்லை. மழையில் ஒடுங்கும் கோவலர்களிடம் போகிறார். இரைக்குப் போகாமல் மாடத்தில் மாறி மாறி உட்கார்ந்திருக்கும் புறாக்களிடம் போகிறார். குளிர் காலத்தில் வேலையற்றுக் கிடக்கும் சந்தனக் கல்லைக் காட்டுகிறார். மடக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. பிறகு அரண்மனை, பிறகு யானைத் தந்தக் கட்டில், பிறகுதான் அரசி. பொன்வளை இருந்த கையில் சங்குவளையும் காப்புநூலும். மேல் விதானத்தில் திங்களோடு உரோகிணி இருக்கும் ஓவியத்தைப் பார்த்து அவள் பெருமூச்சு விடுகிறாள். கண்ணீர் வருவதற்குள் பாட்டின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

இதைப் பிள்ளைகளுக்கு மூலத்தில் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். கதையாகச் சொல்லுங்கள். தில்லிக் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நெடுநல்வாடை சென்னைப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரியும். ஜனவரி மூடுபனியில் பால்கனியை விட்டு நகராத புறாக்களை இவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஏப்ரல் வரை சுற்றாத மின்விசிறியின் இறக்கையில் படிந்த தூசியும் இவர்களுக்குத் தெரியும். அவரவர் வீட்டில் காத்திருக்கும் ஒருவரைச் சொல்லாமல், வீட்டை மட்டும் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய ஆங்கிலப் பள்ளிகளில் ‘சொல்லாதே, காட்டு’ என்ற விதியை இப்போது கைநூலாகவே அச்சிட்டுத் தருகிறார்கள். ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், பாத்திரத்தின் மனநிலையை விவரிக்காதே, அவன் செய்கையிலிருந்து தெரியட்டும் என்ற பொருளில் அறிவுரை சொல்லியிருக்கிறார். நல்ல அறிவுரைதான். அது பள்ளிக்குள் வந்து அட்டவணையாகிவிட்டது. பயம் என்றால் உள்ளங்கை வியர்க்கும், இதயம் படபடக்கும். கோபம் என்றால் பற்கள் நறநறக்கும், முஷ்டி இறுகும். ஒரு பக்கம் உணர்ச்சி, எதிர்ப் பக்கம் உடல் குறி. பிள்ளை பார்த்து எழுதுகிறது. தீப்பொறி பறந்த கண் போய் வியர்த்த உள்ளங்கை வந்ததில் எனக்கு ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. இரண்டுமே கடையில் வாங்கியவை.

அதோடு, சில இடங்களில் சொல்லிவிடுவதே சரி. ‘அவனுக்குப் பயமாக இருந்தது’ என்று மூன்று சொல்லில் முடிய வேண்டியதை அரைப்பக்கம் வியர்க்க வைப்பது வாசிப்பவருக்குத் தண்டனை. கதையின் கனம் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று எழுதட்டும், மற்ற இடத்தில் பெயரைச் சொல்லிவிட்டு நகரட்டும். எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பெயர் சொல்வது என்றதும் இதையும் சொல்ல வேண்டும்: தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமாவை வைத்து மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் தங்கள் உணர்ச்சியைக் கவனிக்கவும் பெயர் சொல்லவும் தினம் ஒரு வகுப்பு வைத்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, பெயர் தெரிவது முதற்படி. எழுத்து அங்கிருந்து இன்னும் பல படி தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து மொழி. இது நம் ஊருக்கே உரிய சிக்கல், தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இல்லாதது.

1920களில், தில்லிக்கும் சிம்லாவுக்கும் மாறி மாறிப் போய்வந்த தென்னாட்டு அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முயற்சிதான் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்கிறது. அந்தப் பள்ளிகளின் முற்றத்தில் இடைவேளையில் போய் நின்று கேளுங்கள். சண்டை ஹிந்தியில். சமாதானம் பாதி ஹிந்தி, பாதி தமிழ். ரகசியம் ஆசிரியரைப் பொறுத்தது: ஹிந்தி ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் தமிழில், தமிழாசிரியர் இருந்தால் ஹிந்தியில். இப்படிப்பட்ட பிள்ளை தமிழ்க் கதை எழுதும்போது பாத்திரங்கள் எல்லாம் செந்தமிழ் பேசுகிறார்கள். ஆட்டோக்காரர், “நீங்கள் எங்கே செல்ல வேண்டும், அம்மையே?” என்று கேட்கிறார். ஆட்டோக்காரர் கோபப்படவே வழியில்லை.

பேச்சில் இருக்கும் மொழியைத் தாளில் அனுமதியுங்கள். அப்பா தமிழில் தொடங்கிக் கோபத்தில் ஹிந்திக்குத் தாவினால், அந்தத் தாவலைத் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். “பஸ், போதும்” என்று ஓர் அம்மா சொன்னால் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே நடப்பதை வேறு எந்தத் தமிழ் எழுத்தாளராலும் எழுத முடியாது, இந்த ஊர்ப் பிள்ளையால்தான் முடியும். எழுத்தாளர் ஆதவன் தில்லியில் வளர்ந்தவர், இங்கே நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தவர். ‘காகித மலர்கள்’ நாவலில் அவர் எழுதிய மனிதர்கள் இந்த ஊரின் கலப்புப் பேச்சோடுதான் வந்தார்கள், தமிழ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விவரிப்பு நல்ல எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அதில் நான் கறார்தான். வாயைத் திறக்கும்போது மனிதர்கள் அவரவர் வாயால் பேசட்டும்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2001இல் அங்குர் என்ற கல்வி அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்தின் சராய் பிரிவும் சேர்ந்து தில்லியில் ‘சைபர் மொஹல்லா’ என்று ஒன்றைத் தொடங்கின. லோக்நாயக் ஜெயப்பிரகாஷ் மருத்துவமனையை ஒட்டிய குடிசைப் பகுதியில் முதலில், பிறகு தட்சிண்புரியில், பிறகு யமுனைக் கரையில் இருந்த நங்லா மாஞ்சியில். அந்தப் பகுதிகளின் இளைஞர்கள், பலர் பள்ளியை விட்டு நின்றவர்கள், ஒரு சிறு அறையில் கூடினார்கள். சில கணினிகள், நோட்டுகள். எழுதினார்கள், எழுதியதை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்தார்கள், கேட்டவர்கள் கேள்வி கேட்டார்கள், மறுபடி எழுதினார்கள். தெரு, வாசல், சத்தம், காத்திருப்பு என்று கண்ணெதிரில் இருப்பதுதான் பொருள். 2006இல் நங்லா மாஞ்சி இடிக்கப்பட்டது. எழுதக் கற்றிருந்தவர்கள் அதையும் எழுதினார்கள். 2007இல் ஹிந்தியில் ‘பஹுரூபியா ஷஹர்’ என்ற தொகுப்பு வந்தது, 2010இல் ஷ்வேதா சர்தாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘டிரிக்ஸ்டர் சிட்டி’.

அந்தத் தொகுப்பைத் தமிழாசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும். இடிப்பு என்றவுடன் நாம் எதிர்பார்க்கும் ஓலம் அங்கே அதிகம் இல்லை. கணக்கெடுப்புக்கு வரும் அதிகாரி, அடையாளச் சீட்டைத் தேடும் கைகள், யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்ற பேச்சு, இவைதான் வருகின்றன. துக்கத்தைத் துக்கம் என்று எழுதாமல் ஒரு சீட்டைத் தேடுவதாக எழுத அவர்களால் முடிந்ததற்குக் காரணம், இடிப்பதற்கு முன் சில ஆண்டுகள் அவர்கள் தெருவையும் வாசலையும் எழுதிப் பழகியிருந்ததுதான்.

இதை ஏன் நம் அவையில் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலை அடைக்கிறது என்று உயர்நீதிமன்ற உத்தரவின்படி. அங்கே 370 வீடுகள். நரேலா அடுக்குமாடியில் இடம் பெறத் தகுதி என்று கணக்கானவை 189. பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த நகரத்தில் வீட்டு வேலையும் துப்புரவு வேலையும் கூலி வேலையும் செய்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் நம் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நரேலா தில்லியின் வடக்கு எல்லையில் இருக்கிறது.

அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ‘உன் வீடு இடிந்த நாளைப் பற்றி எழுது’ என்று கேட்கும் ஆசிரியர் இருக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு கேட்பார்கள், பரிசுகூடக் கொடுப்பார்கள். பிள்ளையின் காயத்தைக் கட்டுரைப் போட்டிக்கு எடுத்துப்போக நமக்கு உரிமை கிடையாது. இங்கேதான் கற்பனைப் பாத்திரத்தின் அருமை தெரிகிறது. தன்னைப் பற்றிச் சொல்ல வாய் வராத பிள்ளை, முருகேசன் என்று ஒருவனை உண்டாக்கி அவனுக்கு எல்லாம் நடக்க வைக்கும். முருகேசன் அழுதால் யாரும் எழுதியவனைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக, ‘ஒரு பையன் புது வீட்டுக்குப் போகிறான். முதல் இரவு அவன் என்னென்ன எங்கே வைக்கிறான்?’ என்று கொடுங்கள். அரசுக் குடியிருப்பிலிருந்து மயூர் விஹாரின் சொந்த பிளாட்டுக்குப் போன பிள்ளையும் எழுதும், நரேலாவுக்குப் போன பிள்ளையும் எழுதும். எது தன் கதை என்று சொல்லவேண்டிய கட்டாயம் இருவருக்கும் இல்லை. அதில் நாமும் துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

கடைசியாகத் திருத்துவது. சிவப்பு மையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வாசிப்பில் ஒரே ஒரு கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள், பென்சிலால்: ‘அப்போது அவன் கை எங்கே இருந்தது?’, ‘அம்மா அதைக் கேட்டாளா?’ என்பதுபோல. பிள்ளை அதற்குப் பதிலாக இரண்டு வரி சேர்த்துக் கொண்டுவரும். இரண்டாம் வாசிப்பில் ரகர றகரமும் ஒற்றும் பாருங்கள், விட்டுவிடச் சொல்லவில்லை. வரிசை மாறினால் போதும். முதலிலேயே பதினேழு சிவப்பு வட்டம் போட்ட தாளில் அடுத்த முறை பிள்ளை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். தீப்பொறி பறந்த கண் திரும்பி வந்துவிடும்.

கல்வியாளர் கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலில் வரும் ஆசிரியர் லட்சுமிராம், சொன்னபடி கேட்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் வசப்படுத்துகிறார். ஆகவே ஆசிரியர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். பயிற்சி கொடுக்கும் அன்று நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்கட்டும். “மிஸ், அந்தத் தாத்தா ஏன் சும்மாவே உக்காந்திருக்காரு?” என்று ஒரு பொடியன் என்னைக் கேட்ட பிறகு என் தாத்தா எழுந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கதை அப்புறம்தான் நகர்ந்தது.

பெற்றோருக்கு ஒன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கோடை விடுமுறைக்குப் போகும்போது ஒன்றரை நாள் உங்களுக்குக் கிடைக்கிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, எதிர் இருக்கையில் இருப்பவர் ஊருக்குப் போகிறாரா, ஊரிலிருந்து வருகிறாரா என்று பிள்ளையிடம் கேளுங்கள். எப்படித் தெரிந்தது என்றும் கேளுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டியிருக்கும் விதம், பெட்டியைச் சங்கிலியால் பூட்டும் விதம் என்று காரணம் சொல்லும். அது போதும், எழுத வேண்டும் என்றுகூட இல்லை.

தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இருக்கிறது. நூலகம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, பொங்கலுக்குப் பேச்சுப் போட்டியும் திருக்குறள் ஒப்புவித்தலும் நடத்தும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஒப்புவித்தலை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைக் கதை எழுதும் பயிலரங்குக்குக் கொடுங்கள். பரிசு வேண்டாம், முதலிடம் இரண்டாமிடம் வேண்டாம். ஏழு பள்ளிகளிலும் பிள்ளைகள் எழுதியதைத் தொகுத்துப் பள்ளிக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவாருங்கள். நம் தாத்தாக்கள் கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் செய்ததுதான், புதிதாகக் கற்கவேண்டியது இல்லை. அடுத்த பொங்கலுக்குள் அந்த ஏழும் நூலக மேசையில், எல்லாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று சங்க நிர்வாகிகளையும் தலைமை ஆசிரியர்களையும் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒற்றுப்பிழையோடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.